ஒரு சைஸ் கூட

என் கடைக்கு வந்து ஐந்து ஹெச்பி மோட்டார் போதுமா என்று ஒருவர் கேட்டால், ஏழரை போடுங்க என்பேன். ஏழரை கேட்டால் பத்து. இது வியாபாரத் தந்திரம் இல்லை. எங்கள் பக்கம் போர்வெல் போட்டவர்களுக்குத் தெரியும், இந்த வருடம் எண்ணூறு அடியில் இருக்கிற தண்ணீர் அடுத்த வருடம் ஆயிரத்துக்குப் போய்விடும். கரண்டு வந்தாலும் வோல்டேஜ் வராது. அளவாகப் போட்ட மோட்டார் முதல் கோடையிலேயே புகைந்து என் கடை வாசலில் வந்து படுக்கும். ஒரு சைஸ் கூடப் போட்டவர் தப்பித்தார். அதனால் மெக்கானிக், விவசாயி, மோட்டார் விற்கிறவர் யாருமே இங்கே அளவாகப் போடு என்று வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டோம். பெரிய மோட்டார் வாங்கச் சொன்னதற்காக இருபத்தெட்டு வருடத்தில் என்னை ஒருவரும் திட்டியதில்லை.

நான் இண்டூர் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எரிந்து வந்த மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை வெட்டியெடுத்து, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, மறுபடி ஓட்டிக் கொடுப்பது என் தொழில். ஓட்டிப் பார்க்கும்போது மீட்டரை விட என் உள்ளங்கையைத்தான் நம்புவேன். கால் மணி நேரம் ஓடவிட்டு மோட்டார் மேல் கையை வைப்பேன். வைத்த கை அங்கேயே நிம்மதியாக இருந்தால் மோட்டாரும் வேலையும் பொருந்திவிட்டன என்று அர்த்தம். வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வைத்தால் எங்கேயோ தப்பு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. இதை வைத்துக்கொண்டு என் தம்பியின் மூன்று மாதத்தை நான் தின்றுவிட்டேன். எழுதினால் கொஞ்சம் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். ஆறாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். பொம்மிடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். முதலில் சாக்பீஸ் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. அப்புறம் சட்டைப் பொத்தான். அப்புறம் ஒருநாள் வண்டி பிரேக்கைப் பிடிக்க முடியாமல் வாய்க்காலில் இறங்கிவிட்டான். பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார் டாக்டர். கையில் ஆரம்பித்திருக்கிறது, காலுக்கு வரும், கடைசியில் மூச்சுக்கும் வரும் என்றார். தொட்டால் தெரியும், சூடு குளிர் எல்லாம் தெரியும், அசைக்கத்தான் முடியாது என்றார்.

"அந்த நரம்ப எடுத்துட்டு வேற கட்ட முடியாதுங்களா?" என்று கேட்டேன். என் வாயில் வேறு என்ன வரும்? டாக்டர் சிரிக்கவில்லை. அதற்கு இன்னும் வழி இல்லைங்க என்றார். தம்பிதான் பஸ்ஸில் வரும்போது சிரித்தான். "ஏண்ணா, என்னயும் உன் கட வாசல்ல எறக்கிப் போட்ட மோட்டாருன்னு நெனச்சியா?" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவன், கப்பல் கட்ட ஆரம்பித்தான். கப்பல் என்றால் இரண்டடி நீளம். மெல்லிய பிளைவுட்டில் விலா எலும்பு மாதிரி சட்டங்கள், மேலே மெல்லிய மரப்பட்டை, அதன்மேல் ஃபைபர் துணி ஒட்டி ரெசின் பூச்சு. ரிமோட்டில் ஓடுகிற படகு.

"எதுக்குடா இது?" என்றேன்.

"இரும்புக் கப்பல் ஏன் மெதக்குதுன்னு இருவது வருசமா கிளாஸ்ல பேசிட்டேன்ண்ணா. ஒன்னக்கூட மெதக்கவுட்டதில்ல. கை இருக்கறப்பவே ஒரு தடவ ஓட்டிப் பாத்துடணும்."

அவன் கை கடைசியாகச் செய்த பொருள் அந்தப் படகுதான். கடைசிப் பூச்சுக்கு ரெசின் கலக்கவும் அவனால் முடியவில்லை, தம்பி மனைவிதான் கலந்து பூசினாள். அடிப்பக்கம் செங்கல் நிறம், மேலே வெள்ளை. திரும்புவதற்குப் பின்னால் ஒரு சுக்கான், அதை அசைக்க ஒரு குட்டி சர்வோ மோட்டார். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சியை மேலே தள்ளினால் வேகம், வலது குச்சியைச் சாய்த்தால் திருப்பம். ஓட்டுவதற்கு இரண்டு கட்டைவிரல் போதும். அந்த இரண்டும்தான் அப்போது அவனிடம் சரியாக மிச்சம் இருந்தன.

கார்த்திகையில் படகு தயார். ஐப்பசி மழையில் எங்கள் ஊர் ஏரியும் பல வருடம் கழித்து நிரம்பிக் கிடந்தது. தம்பி என் கடைக்கு வந்தான், மனைவி பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையிலிருந்து அவள் ஒரு மோட்டாரை எடுத்து மேசைமேல் வைத்தாள். கட்டைவிரல் பருமனுக்குக் கொஞ்சம் கூடுதலாக, சின்ன டப்பா மாதிரி இருந்தது. குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டுகிற பொம்மை ஜீப்பிலிருந்து கழற்றியதாம், பழைய சாமான் கடையில் எடுத்திருக்கிறான்.

"இதுவும் உன் டிரில்லிங் மெஷின் பேட்டரியும் இருந்தா போதும்ண்ணா. பன்னெண்டு வோல்ட். தண்ணியத் தள்ற ஃபேனச் சின்னதாப் போட்டா அஞ்சாறு ஆம்பியர்தான் இழுக்கும். ரெண்டையும் சேத்து மாட்டிக் குடு, நாளைக்கே ஏரியில வுட்டுடலாம்."

நான் அந்த மோட்டாரைக் கையில் உருட்டிப் பார்த்தேன். எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. இந்த வட்டாரத்தில் இத்தனை மோட்டாருக்கு உயிர் கொடுத்தவனின் தம்பி, பொம்மை ஜீப் மோட்டாரைப் போட்டு ஏரியில் விடுவதா? நடுத்தண்ணீரில் நின்றுபோனால் யார் போய் எடுப்பது? அவனுக்கு நான் செய்துகொடுக்கப் போவது இது ஒன்றுதான், இதிலாவது குறை வைக்கக்கூடாது என்று நினைத்தேன். அன்பு என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் பாதி வீம்பு.

"போடா, வாத்தியார் வேலைய நீ பாரு, மோட்டார் வேலைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, ஜீப் மோட்டாரை மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

அவன் டிராயரைத்தான் பார்த்தான்.

முதலில் நான் போட்டது அதைவிட இரண்டு மடங்கு கனமான மோட்டார். பேட்டரிக்கு யூபிஎஸ்ஸில் போடுகிற ஈய பேட்டரி ஒன்று கடையிலேயே கிடந்தது. செங்கல் மாதிரி இருக்கும், ஆனால் நின்று விளையாடும். நடுவில் ஓய்ந்துபோகாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். எல்லாம் பொருத்த இரண்டு வாரம் ஆயிற்று, ஏனென்றால் கடையில் கூட்டம். வத்தல்மலையிலிருந்து ஒருவர் மோட்டாரை ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்து, பயிர் காயுதுங்க, இன்னைக்கே வேணுமுங்க என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பயிர் காயும், தம்பி எங்கே போகப்போகிறான் என்று நானும் அதை முதலில் எடுத்தேன். அப்படி எத்தனை பேர்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் படகை விட்டோம். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் அரை விரல் இடைவெளிதான் இருந்தது. தம்பி ரிமோட் குச்சியைத் தள்ளினான். மூக்கு மேலே தூக்கி, பின்பக்கம் தண்ணீரை மொண்டுகொண்டு படகு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"போர்வெல்லுக்கு மோட்டாரு அடியில போய் உக்காரணும்ண்ணா. இது மேல இருக்கணும்" என்றான் தம்பி. சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. நோயின் மேல் வந்திருக்க வேண்டிய கோபம் அந்தப் பேட்டரி மேல் வந்தது.

சரி, கனம்தான் பிரச்சினை என்றால் கனமில்லாமல் பலமாக வாங்குகிறேன் என்று இறங்கினேன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, பந்தயப் படகுக்குப் போடுகிற மோட்டார் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்று சுற்றும். அதை ஓட்ட ஒரு கன்ட்ரோலர், மூன்று செல் லித்தியம் பேட்டரி. மோட்டார் பெங்களூரிலிருந்து இரண்டு நாளில் வந்துவிட்டது. பேட்டரி வரவில்லை. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கிற சரக்கு, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், லாரியில் வரும் என்றார்கள். எந்த ஊரெல்லாம் சுற்றியதோ, பதினேழு நாள் ஆயிற்று.

அந்தப் பதினேழு நாளும் தம்பி சும்மா இருக்கவில்லை. படகை மேசைமேல் வைத்துக்கொண்டு, ரிமோட்டை மடியில் வைத்து ஓட்டிப் பழகினான். மோட்டாருக்குப் பேட்டரி இல்லாததால் சுக்கான் மட்டும் அசையும். நான் காலையில் அவன் வீட்டு வழியாகக் கடைக்குப் போகும்போது உள்ளேயிருந்து 'விர்ர்' என்று சர்வோ சத்தம் வரும். இடம், வலம், இடம். "ஏரிக்கரை கல்லுக்கிட்ட எப்படித் திருப்பணும்னு பாக்கறேன்ண்ணா" என்பான். ஏரி முழுவதும் அவன் மனதில் இருந்தது. மதகு எங்கே, கருவேல மரம் தண்ணீரில் நிற்கிற இடம் எங்கே, எந்தப் பக்கம் காற்று அடிக்கும், எல்லாவற்றுக்கும் ஒரு திருப்பம் வைத்திருந்தான்.

பொங்கல் கழித்து பேட்டரி வந்தது. மாட்டினேன். ஃபேனை மட்டும் நான் மாற்றவில்லை, முதலில் போட்ட பெரிய பித்தளை ஃபேனையே வைத்தேன். பெரிதாக இருந்தால் தண்ணீரை நன்றாகத் தள்ளும் அல்லவா? "ஃபேனச் சின்னதாக்குண்ணா. தண்ணிதான் லோடு. லோடு கேக்கற கரண்ட எல்லாம் மோட்டாரு இழுக்கும், கன்ட்ரோலரு தாங்காது" என்று தம்பி சொன்னான். பத்தாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னான். தொட்டியில் படகு ஒரு தடவைதான் பாய்ந்தது. எதிர்ச் சுவரில் முட்டி நின்றதும் எனக்குத் தெரிந்த வாசனை வந்தது, இன்சுலேஷன் கருகுகிற வாசனை. கன்ட்ரோலர் போயிற்று. பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. மணல் வாளியில் அதைப் போட்டுவிட்டு, மோட்டார் மேல் கை வைத்தேன். சுட்டது.

இப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கன்ட்ரோலர் தாங்கவில்லை என்றால் இன்னும் பெரிய கன்ட்ரோலர். பேட்டரி தாங்கவில்லை என்றால் இன்னும் பெரிய பேட்டரி. ஒரு சைஸ் கூட. அன்றைக்கே ஆர்டர் போட்டேன். மறுபடி லாரி.

தை முடியும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். சுக்கான் முன்பு மாதிரி முழுதாகத் திரும்பவில்லை. பாதி திரும்பி நின்றுவிடுகிறது. சர்வோவையும் சுக்கானையும் இணைக்கிற கம்பி தளர்ந்திருக்கும் என்று இறுக்கிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் கால்வாசிதான் திரும்புகிறது. சர்வோவிலேயே பல் தேய்ந்திருக்கும் என்று புதிதாக ஒன்று வரவழைத்து மாற்றினேன். ரிமோட்டைத் திறந்து உள்ளே துடைத்தேன். அப்படியும் திருப்பம் கொஞ்சமாகத்தான் வந்தது. "என்ன மட்டமான சாமான்டா இது!" என்று திட்டிக்கொண்டே மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தம்பி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நான் கழற்றுவதையும் மாட்டுவதையும் தடுக்கவே இல்லை.

அன்றைக்கு நான் கிளம்பி வாசலுக்கு வந்தபோது தம்பி மனைவி பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மாமா, மெஷின்ல ஒன்னும் கோளாறு இல்லீங்க. அவரு வெரலுதானுங்க. தள்ள முடியலீங்க. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொல்லிட்டாருங்க, நீங்க ஆசையா ரிப்பேர் பண்றீங்கன்னு."

எரிந்த மோட்டாரை முகர்ந்தாலே எந்தக் காயில் போயிற்று என்று சொல்லுகிறவன் நான். மூன்று வாரமாக என் கண்முன்னால் என் தம்பியின் விரல் செத்துக்கொண்டிருந்தது, நான் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்த ஜில்லாவில் இருக்க முடியாது.

மறுநாள் பெரிய பேட்டரியும் பெரிய கன்ட்ரோலரும் பார்சலில் வந்தன. நான் பிரிக்கவில்லை. இன்றுவரை பிரிக்கவில்லை. தம்பி வீட்டிலிருந்து படகை எடுத்துவந்து, கடையை உள்ளே பூட்டிக்கொண்டு, டிராயரைத் திறந்து ஜீப் மோட்டாரை எடுத்தேன். டிரில்லிங் மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். பிளாஸ்டிக்கில் சின்ன ஃபேன், அந்த மோட்டாருக்கு ஏற்ற சாதாரண கன்ட்ரோலர் ஒன்று. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முடிந்துவிட்டது. கொண்டுபோய் வீட்டுத் தொட்டியில் விட்டேன். விளிம்புக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டு அழகாக மிதந்தது. மூன்று மாதம் நான் ஆடிய ஆட்டத்துக்குப் பதில் ஒரு காலை நேரம் போதுமாக இருந்திருக்கிறது.

ரிமோட்டையும் விடவில்லை. குச்சியைத் திரும்பி வரச்செய்கிற ஸ்பிரிங்கைக் கழற்றி, அதைவிட மெல்லியதாக ஒன்று சுற்றிப் போட்டேன். குச்சி நீளமாக இருந்தால் தள்ளுவது லேசாகும் என்று பேனாக் குழாயை வெட்டி மேலே செருகினேன். தம்பி விரலை அதன்மேல் நானே எடுத்து வைத்தேன். மெல்ல அசைந்தது. வேகமும் வந்தது, கொஞ்சம் திருப்பமும் வந்தது. "பரவால்லண்ணா, வருது" என்றான். நாளைக்குக் காலையிலேயே ஏரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். ஒரு நாளைக்கூட இனி விடக்கூடாது என்று எனக்குப் பதற்றமாக இருந்தது.

மாசி மாதத்து ஏரி பாதி வற்றிவிட்டது. முன்பு தண்ணீர் நின்ற இடமெல்லாம் சேறு வெடித்துக் கிடந்தது. தம்பியைத் தாங்கிப் பிடித்துக் கரையிலிருந்து இறக்கி, தண்ணீருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்தோம். மனைவி அவன் மடியில் ஒரு தலையணையை வைத்து, அதன்மேல் ரிமோட்டை வைத்தாள். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகை விட்டேன். காற்று இல்லை. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது.

"செரி, வுடு" என்றேன்.

தம்பி தலையைக் குனிந்து விரலைப் பார்த்தான். தோளிலிருந்து முழுப் பலத்தையும் இறக்குகிறான் என்று தெரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. குச்சி நகர்ந்தது. படகு கிளம்பியது. பத்தடி இருக்கும், நேராகப் போயிற்று. சத்தமே இல்லாமல், பின்னால் ஒரு கோடு விட்டுக்கொண்டு போயிற்று. தம்பி நிமிர்ந்து அதைப் பார்த்தான். பார்த்த நேரத்தில் விரல் வழுக்கிக் கீழே விழுந்தது. படகு நின்றது.

மனைவி விரலை எடுத்து மறுபடி குச்சிமேல் வைத்தாள். அது அசையவில்லை. இன்னொரு கை விரலை வைத்தாள். அதுவும் இல்லை. ஸ்பிரிங்கை முழுசாக எடுத்துவிடட்டுமா என்று நான் தண்ணீரிலிருந்து கத்தினேன். தம்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"நீ ஓட்டுண்ணா."

"நீ கொஞ்ச நேரம் கழிச்சிப் பாருடா."

"ஓட்டுண்ணா. நான் பாக்கறேன்."

ஓட்டினேன். ஈரக்காலோடு அவன் பக்கத்தில் நின்று, அவன் சொன்னபடி ஓட்டினேன். மதகுப் பக்கம் போ, கருவேல மரத்தைச் சுத்து, இப்போ இடது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மனதில் வைத்திருந்த எல்லாத் திருப்பத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் ரிமோட் பிடித்ததே இல்லை, இடது என்றால் வலது பக்கம் போயிற்று, ஒரு தடவை சேற்றில் ஏற்றிவிட்டேன். "உனக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தது யாருண்ணா?" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நின்றுபோகவில்லை, தடுமாறவில்லை, நடுத்தண்ணீரில் யாரும் போய் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

படகைக் கரைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். பழக்க தோஷம், மோட்டார் மேல் கை வைத்தேன்.

"சுடுதா?" என்று கேட்டான் தம்பி.

நான் படகை அப்படியே தூக்கி அவன் மடியில் வைத்தேன். அவன் வலது கையை எடுத்தேன். அது கனமாக, எந்தப் பக்கம் இழுத்தாலும் வருகிற மாதிரி இருந்தது. விரல்களை விரித்து, உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்து, என் கையால் மேலே பொத்திக்கொண்டேன். அசைவுதான் போயிற்று, சூடு தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். என்னை ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். கார்த்திகையிலேயே சொன்னேனே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் போதும், அன்றைக்கே அவன் காலடியில் விழுந்து அழுதிருப்பேன்.

"சூடே ஆவலண்ணா" என்றான். எதிர்பார்த்த பதில் கிடைத்த வாத்தியார் மாதிரி, சந்தோஷமாகத்தான் சொன்னான்.